எழுத ஆரம்பிக்கறது எப்படி? பிள்ளைங்களுக்கும் பெரியவங்களுக்கும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைங்கள எழுத வைக்கணும்னு நினைக்கற அப்பா அம்மா ஒரு பக்கம், "நானும் ஒருநாள் எழுதுவேன்"னு ரொம்ப வருஷமா சொல்லிட்டே இருக்கற பெரியவங்க ஒரு பக்கம், இந்த ரெண்டு கூட்டமும் கேக்கற கேள்வி முக்காவாசி ஒண்ணாத்தான் இருக்கு. அதனால ஒரே இடத்துல போட்டுட்டேன். முதல்ல பிள்ளைங்க சமாச்சாரம், அப்புறம் பெரியவங்களோடது, மாத்திப் படிச்சாலும் தப்பில்ல.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? பொண்ணுக்கு 4 வயசு, அ ஆ கூட இன்னும் முழுசா வரல.

எழுத்து வரட்டும்னு காத்திருக்க வேணாம். அவ சொல்லட்டும், நீங்க எழுதுங்க. ஒரே கண்டிஷன், சொன்னத சொன்னபடியே எழுதணும். "ஒரு யானைக்கு தூக்கமே வரல, அதனால அது நிலாவ ஆஃப் பண்ணிருச்சு"ன்னு சொன்னா அதையேதான் எழுதணும். "யானை எப்படி கண்ணு நிலாவ ஆஃப் பண்ணும், மரத்தடியில போய் படுத்துக்கிச்சுன்னு வெச்சுக்கலாமா"ன்னு நீங்க உள்ள பூந்தா கதை உங்களோடது ஆயிரும், அவ எந்திரிச்சு விளையாடப் போயிருவா.

எழுதி முடிச்சதும் ஒவ்வொரு வார்த்தையா விரல வெச்சு படிச்சுக் காட்டுங்க. தன் வாயில இருந்து வந்தது பேப்பர்ல அப்படியே உக்காந்திருக்கு, நாளைக்கு எடுத்தாலும் அதே யானை, அதே நிலாதான்ங்கறது அந்த வயசுல சாதாரண விஷயம் இல்ல. மறுநாள் "அந்த யானை கதை படி"ன்னு அவளே நோட்டத் தூக்கிட்டு வருவா பாருங்க. படம் வரையறதும் இதுல சேத்திதான், படத்துக்கு கீழ ஒரு வரி கேட்டு எழுதிக் குடுங்க.

எழுத்துப்பிழைய உடனே திருத்த வேணாமா? இப்ப விட்டா அதுவே பழகிராதா?

இதுலதான் வீட்டுக்கு வீடு சண்டை, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

சிவப்பு பேனாவ எடுத்தவுடனே என்ன நடக்குதுன்னா, பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிஞ்ச வார்த்தைய மட்டும் எழுத ஆரம்பிக்குது. ரெண்டாவது படிக்கற பையன் ஒருத்தன் நெருப்புக்கோழி கதைய வாயால அவ்வளவு நல்லா சொல்லுவான், நோட்டுல பாத்தா வெறும் "கோழி"ன்னு இருக்கும். ஏன்டானு கேட்டா "நெருப்புல எந்த ருன்னு தெரியல"ம்பான். மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடற பறவை ஒரு எழுத்துக்கு பயந்து சாதா கோழியாயிருச்சு. இந்த நஷ்டம் யார் கண்ணுலயும் படாது, ஏன்னா நோட்டு சுத்தமா இருக்கு, டீச்சரும் குட் போட்டிருப்பாங்க.

காதுல கேட்டத வெச்சு தோராயமா எழுதிப் பாக்கறது கத்துக்கற வழியில வர்ற ஒரு கட்டம்தான், சத்தத்தையும் எழுத்தையும் பிள்ளை தானா சேத்துப் பாக்குது. ன-ண, ல-ள-ழ, ர-ற குழப்பம் வராத பிள்ளையே கிடையாது. ஒற்று எங்க போடறதுன்னு பெரியவங்களுக்கே இன்னும் தகராறு.

அதுக்காக திருத்தவே கூடாதுன்னு சொல்ல வரல, அதுக்கு வேற நேரம் இருக்கு. முதல் தடவ கையில வாங்கறப்ப கதைய மட்டும் படிங்க, சிரிப்பு வந்தா சிரிங்க, "அப்புறம் அது வேலிய தாண்டிச்சா இல்லையா"ன்னு கேளுங்க, உங்க மூஞ்சியத்தான் அவன் பாத்துட்டு இருப்பான். தாத்தாவுக்கு அனுப்பணும், ஸ்கூல் சுவத்துல ஒட்டணும்னு அத வெளிய காட்டப் போறப்ப திருத்துங்க, அப்பவும் ஒரு தடவைக்கு ஒரு வகை பிழை மட்டும். இன்னிக்கு ர-ற, அடுத்த கதையில வேற. பக்கம் பூரா வட்டம் போட்டுக் குடுத்தா எதையுமே கத்துக்காது.

டெய்ஸி ஆஷ்ஃபோர்டுன்னு ஒரு இங்கிலாந்துப் பொண்ணு 1890-ல, 9 வயசுல ஒரு நாவல் எழுதுச்சு. அது பல வருஷம் எங்கயோ கிடந்து 1919-ல புத்தகமா வந்தப்ப, அந்தப் பொண்ணு போட்ட எழுத்துப்பிழைய எல்லாம் அப்படியே வெச்சுத்தான் அச்சடிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் அதே பிழையோடதான் கிடைக்குது. அந்த பிழையத் திருத்தியிருந்தா பாதி சிரிப்பு போயிருக்கும்.

"என்ன எழுதறதுன்னு தெரியல"ன்னு உக்காந்துடறான். என்ன பண்ண?

தலைப்பு பெருசா இருக்கும், அதான். "இயற்கை", "நட்பு", "என் எதிர்காலக் கனவு" மாதிரி எல்லாம் குடுத்தா யாருக்குத்தான் எழுத வரும், எனக்கே வராது. சின்னதாக்குங்க. நட்பு வேணாம், "உன் ஃப்ரெண்டு உங்கிட்ட வாங்கி திருப்பியே தராத பொருள் என்ன?"ன்னு கேளுங்க. ரப்பர்ம்பான். என்ன கலரு, எப்ப வாங்குனான், நீ ஏன் கேக்கல, கேட்டா என்ன சொல்லுவான், இப்படி நாலு கேள்வி போச்சுன்னா அவன் குரலே மாறிரும், கோவம் வரும். அப்ப சொல்லணும், "இத அப்படியே எழுது"ன்னு. கட்டுரைங்கற வார்த்தையே அந்த இடத்துல வரக்கூடாது.

கதைதான் எழுதணும்னும் இல்ல. அண்ணன் மேல புகார் கடிதம், தானா கண்டுபிடிச்ச விளையாட்டுக்கு ரூல்ஸ், வீட்டு நாயோட பார்வையில ஒரு நாள், தொலைஞ்சுபோன செருப்புக்கு "காணவில்லை" அறிவிப்பு. யாருக்காக எழுதறோம், எதுக்கு எழுதறோம்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. ஸ்கூல் கட்டுரையில அது ரெண்டும் இருக்காது, படிக்கறவர் மார்க் போடத்தான் படிக்கறார்னு பிள்ளைக்கு நல்லாவே தெரியும்.

டைரி எழுதப் பழக்கலாமா? நாங்க படிச்சுப் பாக்கலாமா?

பழக்கலாம். படிக்கக் கூடாது, அவங்களா நீட்டினா ஒழிய. ஒரு தடவ திருட்டுத்தனமா படிச்சது தெரிஞ்சுதுன்னா அன்னியில இருந்து அந்த டைரி உங்களுக்காக எழுதற டைரி ஆயிரும், "இன்று நன்றாகப் படித்தேன், சீக்கிரம் தூங்கினேன்"னு. பிள்ளையோட பாதுகாப்பு பத்தி நிஜமாவே பயம் இருந்தா அது வேற விஷயம், அத நேராப் பேசுங்க.

டைரின்னதும், ரெண்டாம் உலகப்போர்ல நாஜிங்களுக்கு பயந்து நெதர்லாந்துல ஒளிஞ்சிருந்த யூதப் பொண்ணு ஆன் ஃபிராங்க் ஞாபகம் வரும். 1942 ஜூன் 12, 13-வது பிறந்தநாளுக்கு கிடைச்ச நோட்டு, அது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் நடந்ததுதான் எழுத நினைக்கறவங்களுக்கு முக்கியம். 1944 மார்ச் 28 அன்னிக்கு லண்டன்ல இருந்து வந்த ரேடியோ ஒலிபரப்புல டச்சு அமைச்சர் ஒருத்தர், போர்க்காலத்துல ஜனங்க எழுதின டைரி, கடிதம் எல்லாம் போர் முடிஞ்சதும் சேகரிக்கணும்னு பேசினார். அத ஒளிஞ்சிருந்த இடத்துல கேட்டுட்டு அந்தப் பொண்ணு மே மாசத்துல இருந்து தன்னோட டைரியையே தனித்தாள்கள்ல திருப்பி எழுத ஆரம்பிச்சுது, வெட்டுச்சு, சேத்துச்சு, ஆளுங்களுக்கு வேற பேர் வெச்சுது. தனக்காக எழுதினதையே படிக்கறவங்களுக்காக மறுபடி எழுதற வேலைய அந்த நிலைமையில, 14 வயசுல, யாரும் சொல்லிக்குடுக்காம பண்ணியிருக்கு.

ஒரு கதைக்கு இவ்வளவுன்னு காசு, பரிசு ஏதாவது குடுத்தா எழுதுவாங்களா?

எழுதுவாங்க. குடுக்கறத நிறுத்தினா எழுதறதும் நின்னுரும், அதான் சிக்கல். 1973-ல அமெரிக்காவுல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் ஒரு ஆய்வு பண்ணாங்க. 3-ல இருந்து 5 வயசு பிள்ளைங்க, ஏற்கனவே ஸ்கெட்ச் பேனால வரைய ரொம்பப் பிடிக்கும்னு பாத்துத் தேர்ந்தெடுத்த பிள்ளைங்க. ஒரு குழுகிட்ட "வரைஞ்சா சான்றிதழ் தருவோம்"னு முன்னாடியே சொல்லிட்டாங்க, இன்னொரு குழுவுக்கு சொல்லாம வரைஞ்சு முடிச்சப்புறம் குடுத்தாங்க, மூணாவது குழுவுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு சும்மா விளையாட விட்டப்ப, முன்னாடியே சொல்லி வாங்கின பிள்ளைங்க மத்தவங்கள விட கிட்டத்தட்ட பாதி நேரம்தான் அந்தப் பேனாவத் தொட்டாங்க. எதிர்பாக்காம பரிசு வாங்கின பிள்ளைங்களுக்கு ஆர்வம் குறையல.

அதனால போட்டி வந்தா கலந்துக்கட்டும், பரிசு வந்தா வாங்கட்டும், ஆனா "பரிசுக்காக எழுது"ன்னு வீட்ல ஆரம்பிக்காதீங்க. பிள்ளை எழுதினத நாலு பேர் முன்னாடி சத்தமா படிச்சாலே அதுக்கு பெரிய சந்தோஷம்தான், வேற எதுவும் வேணாம்.

கார்ட்டூன்ல பாத்த கதையையே எழுதறான். இது காப்பி இல்லையா?

எழுதட்டுங்க. இங்கிலாந்துல ப்ராண்டேன்னு ஒரு வீட்டுப் பிள்ளைங்க எப்படி ஆரம்பிச்சாங்கன்னா, 1826-ல அப்பா மகனுக்கு ஒரு பெட்டி பொம்மை சிப்பாய் வாங்கிட்டு வந்தார், பிள்ளைங்க ஆளுக்கொரு சிப்பாய எடுத்து பேர் வெச்சாங்க, அவங்கள்ல ஒருத்தி சார்லட், அவளுக்கு அப்ப 10 வயசு. அந்த சிப்பாய்ங்களுக்கு ஒரு ஊர், ஒரு அரசியல், சண்டை எல்லாம் உருவாக்கி, கொஞ்ச வருஷத்துல வீட்டுக்கு வர்ற பத்திரிகையப் பாத்து அதே மாதிரி உள்ளங்கைக்குள்ள அடங்கற குட்டி குட்டி பத்திரிகையா கையால எழுதித் தச்சாங்க, அச்செழுத்து மாதிரியே, விளம்பரம் எல்லாம் வெச்சு. சுத்தமான காப்பிதான். அதுல மூணு பொண்ணுங்களும் பின்னாடி நாவலாசிரியரானாங்க.

கார்ட்டூன் கதைய எழுதறவன்கிட்ட "அந்த வில்லனுக்கு ஒரு தங்கச்சி இருந்தா?"ன்னு ஒரு கேள்வி மட்டும் போட்டுட்டு நகந்துருங்க.

கையால எழுதணுமா, டைப் பண்ணலாமா?

எதுல வேகமா வருதோ அதுல. சின்னப் பிள்ளைங்களுக்கு கை சீக்கிரம் வலிக்கும், வலி வந்ததும் கதை முடிஞ்சிரும், "எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்". அந்த முடிவு எங்க பாத்தாலும் கை வலிச்சிருக்குன்னு அர்த்தம். மிச்சத்த நீங்க எழுதிக் குடுங்க, இல்ல போன்ல பேசிப் பதியட்டும்.

ஏஐ-கிட்ட கேட்டு எழுதிட்டு வர்றா. திட்டலாமா?

திட்டி ஒண்ணும் ஆகப்போறது இல்ல. ஒண்ணு பண்ணுங்க, அது எழுதின கதைய ரெண்டு பேரும் சேந்து உக்காந்து படிங்க. "இதுல நம்ம வீட்ல நடந்தது ஏதாவது இருக்கா?"ன்னு கேளுங்க. அவ பாட்டி கண்ணாடிய நெத்தியில ஏத்தி வெச்சுட்டு வீடு முழுக்க தேடறது அதுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அந்த இடத்த அவளையே எழுதச் சொல்லுங்க. வார்த்தைக்கு அர்த்தம் கேக்க, ஒரு தகவல் சரிதானான்னு பாக்க வெச்சுக்கட்டும், ஆனா முதல் டிராஃப்ட்ட அதுகிட்ட குடுத்துட்டா எழுதறவங்களுக்கு மிச்சம் என்ன இருக்கு?

சரி, இப்ப என் விஷயம். 45 வயசாச்சு, இனிமே ஆரம்பிச்சா லேட் இல்லையா?

லாரா இங்கல்ஸ் வைல்டரோட முதல் புத்தகம் 1932-ல வந்துச்சு, அப்ப அவங்களுக்கு 65. பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்ட் முதல் புத்தகம் போட்டது 58 வயசுல, முதல் நாவல் 60-ல, 1979-ல புக்கர் பரிசே வாங்கிட்டாங்க. இந்தப் பக்கம் மேரி ஷெல்லி 1816-ல, 18 வயசுல எழுத ஆரம்பிச்ச பேய்க்கதை இருக்கு, 1818-ல பேர் போடாம வெளிவந்துச்சு, 200 வருஷம் தாண்டியும் படிக்கறாங்க. வயசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருந்த மாதிரி எனக்குத் தெரியல. 45-ல ஒரு வசதிகூட இருக்கு, எழுதறதுக்கு வாழ்க்கையில நிறைய நடந்திருக்கு, அதுல பாதிய இன்னும் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டீங்க.

வேலை, வீடு, பிள்ளைங்க. எழுத நேரமே கிடைக்கல.

அந்தோணி ட்ரொல்லோப் தபால் துறையில வேலை பாத்துக்கிட்டே நாவலா எழுதித் தள்ளினவர். விடிகாலை 5.30-க்கு மேசையில உக்காந்துருவார், கடிகாரத்த முன்னாடி வெச்சுக்கிட்டு 15 நிமிஷத்துக்கு 250 வார்த்தைன்னு கணக்கு வெச்சு எழுதுவார். (அவர எழுப்பி காபி குடுக்க ஒரு வேலைக்காரர் இருந்தார், அதையும் சொல்லிரணும். உங்களுக்கு யாரும் இருக்க மாட்டாங்க.)

அவ்வளவு வேணாம். 10 நிமிஷம், டைமர் வெச்சு, கைய எடுக்காம. பீட்டர் எல்போங்கற அமெரிக்க ஆசிரியர் 1973-ல தன் புத்தகத்துல சொல்லி பரவலாக்கின முறை இது. நிறுத்தக்கூடாது, அடிக்கக்கூடாது, திரும்பிப் படிக்கக்கூடாது, ஒண்ணும் தோணலன்னா "ஒண்ணும் தோணல ஒண்ணும் தோணல"ன்னே எழுதிட்டுப் போங்க, மூணாவது வரியில மனசே சலிச்சுப்போய் வேற ஏதாவது குடுக்கும். வர்றது முக்கால்வாசி குப்பைதான். அதுல ஒரு வரி நல்லா இருக்கும், அதுக்கு கீழ கோடு போட்டு வெச்சுட்டு மறுநாள் அந்த வரியில இருந்து ஆரம்பிங்க.

தினமும் எழுதலன்னா எழுத்தாளரே இல்லன்னு சொல்றவங்கள கண்டுக்காதீங்க. வாரத்துல ரெண்டு நாள்னா ரெண்டு நாள், ஆனா எந்த ரெண்டு நாள்னு முடிவு பண்ணிருங்க.

ஆரம்பிக்கறேன், பாதியில நின்னுருது. ஏகப்பட்ட பாதிக்கதை இருக்கு.

முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப பாலிஷ் போட்டுட்டு இருப்பீங்கன்னு நினைக்கறேன், பாதிக்கதைக்காரங்க நிறைய பேர் அதத்தான் பண்றாங்க. எழுதறதும் திருத்தறதும் ஒரே உக்காருதல்ல பண்ணாதீங்க. மேல பிள்ளைக்கு சொன்னதேதான் உங்களுக்கும், உங்க சிவப்பு பேனா உங்க தலைக்குள்ளயே இருக்கு அவ்வளவுதான் வித்தியாசம். தெரியாத இடத்துல நிக்காதீங்க. "இங்க ரெண்டு பேருக்கும் சண்டை, அப்புறம் எழுதணும்"னு அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டு அடுத்த காட்சிக்குத் தாவிருங்க. முடிவு தெரிஞ்சா முடிவ முதல்ல எழுதுங்க, வரிசையா எழுதணும்னு சட்டம் எதுவும் இல்ல.

நாவல்ல ஆரம்பிக்காதீங்க, இது என் கட்சி, ஒத்துக்காதவங்க உண்டு. ரெண்டு பக்கக் கதை ஒண்ண ஆரம்பிச்சு முடிச்சுருங்க, மோசமா இருந்தாலும் முடிங்க, ஏன்னா ஒரு கதையோட கடைசிப் பக்கத்துல மட்டும் வர்ற பிரச்சனைங்க இருக்கு, அத முதல் பக்கத்தையே எழுதிட்டு இருந்தா ஜென்மத்துக்கும் கத்துக்க முடியாது. நடுவுல வெச்ச துப்பாக்கி எதுக்குன்னு தெரியாம முழிக்கறது, எல்லாருக்கும் நல்லவிதமா முடிச்சு வெச்சா சப்புனு இருக்கறது, இதெல்லாம் முடிக்கறவனுக்குத்தான் தெரியும். இன்னொண்ணு, அன்னிக்கு எழுதறத நிறுத்தறப்ப அடுத்து என்ன வரும்னு தெரிஞ்ச இடத்துல நிறுத்துங்க, ஹெமிங்வே சொன்ன யோசனை, நிஜமாவே வேலை செய்யுது.

பேச்சுத் தமிழ்ல எழுதலாமா, எழுத்துத் தமிழ்லயா?

ரெண்டும் சரி, ஆனா எங்க எதுன்னு ஒரு முடிவுக்கு வாங்க. "அவன் கதவைத் திறந்தான். 'யாரு?' என்றான்" படிக்க உறுத்தாது. "அவன் கதவைத் திறந்தான். 'யார் அங்கே நிற்பது?' என்றான்" மேடை நாடகமாயிரும், நிஜத்துல யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. "அவன் கதவ தொறந்தான், பின்னர் அவளை நோக்கினான்" இதுதான் தொல்லை, ஒரே வரியில ரெண்டு ஆள் பேசறாங்க. கதை சொல்ற குரல் ஏதாவது ஒண்ணு, உரையாடல் அந்தந்த ஆள் பேசற மாதிரி. எழுதினத சத்தமா படிச்சுப் பாருங்க, நாக்கு தடுக்கற இடத்துல எல்லாம் வேலை இருக்கு.

எழுதினத யார்கிட்ட காட்டறது?

"சூப்பர்"னு மட்டும் சொல்றவங்ககிட்ட வேணாம், எதச் சொன்னாலும் குத்தம் சொல்றவங்ககிட்டயும் வேணாம். படிக்கற பழக்கம் இருக்கற ஒருத்தர். "எப்படி இருக்கு?"ன்னு கேக்காதீங்க, அதுக்கு மரியாதைக்கு ஒரு பதில்தான் வரும். எங்க போர் அடிச்சுது, எங்க புரியல, எந்த இடத்துல போன எடுத்துப் பாத்தீங்க, அடுத்து என்ன நடக்கும்னு நினைச்சீங்க, இப்படிக் கேளுங்க. அவங்க போர்னு சொன்ன இடம் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், அத எப்படி சரிபண்ணணும்னு சொல்றது பெரும்பாலும் தப்பா இருக்கும், அது உங்க வேலை.

என் கதைய யாராவது திருடிட்டா?

எழுதின நிமிஷத்துல இருந்தே காப்புரிமை உங்களுக்குத்தான், பதிவு பண்ணாத்தான் வரும்னு இல்ல. 1886-ல உருவான பெர்ன் ஒப்பந்தத்துல இன்னிக்கு 180-க்கு மேல நாடுகள் இருக்கு, எழுதினவர் காலத்துக்கப்புறம் குறைஞ்சது 50 வருஷம் பாதுகாப்புன்னு அதுலயே இருக்கு. ஐடியாவுக்கு மட்டும் உரிமை கிடையாது, நீங்க எழுதின வார்த்தைக்குத்தான். பிள்ளை எழுதினா பிள்ளைக்குத்தான் உரிமை, அதனால ஆன்லைன்ல போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேளுங்க, ஸ்கூல் பேர் முழுப்பேர் எல்லாம் போடாதீங்க.

பிள்ளை கதைகள புத்தகமா போட்டுத் தர்றோம்னு பணம் கேக்கறாங்க. குடுக்கலாமா?

எழுத்தாளர்கிட்ட காசு வாங்கற இடத்துல அவங்களுக்கு வாடிக்கையாளர் நீங்கதான், வாசகர் இல்ல. தெரிஞ்சே செலவு பண்றீங்கன்னா உங்க இஷ்டம், "தேர்வாகியிருக்கு"ங்கற வார்த்தைய மட்டும் நம்பிராதீங்க. அதுக்கு பதிலா ஒரு ஏ4 தாள எடுங்க. 8 கட்டமா வர்ற மாதிரி மடிச்சு விரிச்சு, நீளவாக்கு நடுக்கோட்டுல நடுவுல இருக்கற ரெண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டுங்க. திரும்ப நீளவாக்குல மடிச்சு ரெண்டு முனையையும் உள்ள தள்ளினா அட்டையோட சேத்து 8 பக்க புத்தகம் ரெடி, ஒட்டவும் வேணாம் தைக்கவும் வேணாம். விரிச்சு வெச்சு ஜெராக்ஸ் எடுத்தா எத்தனை காப்பி வேணும்னாலும். பின்அட்டையில விலை போடணும்னு பிள்ளை அடம்பிடிக்கும், போடட்டும்.

நல்லா எழுதிட்டு இருந்தவ திடீர்னு நிறுத்திட்டா. என்ன பண்றது?

ஒண்ணும் பண்ண வேணாம். தினமும் "ஏன் எழுதல"ன்னு கேட்டா அது வீட்டுப்பாடம் ஆயிரும். பழைய நோட்ட தூக்கிப் போடாம கைக்கு எட்டற இடத்துல வைங்க, படிக்க புதுசா ஏதாவது கொண்டுவந்து போடுங்க, முடிஞ்சா நீங்க எதையாவது எழுதிட்டு இருங்க. என்ன எழுதறீங்கன்னு அவளா வந்து எட்டிப் பாத்தா மறைக்காம காட்டுங்க, உங்க எழுத்துப்பிழைய அவ திருத்தினா திருத்தட்டும்.